தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த நான்கு மாதமும் லிசெஸ்ஸும்: ஒரு பயனரின் மதிப்புரை

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தேன், ஒன்றரைக்கு எழுந்தேன், அதற்குள் ஆன்லைனில் பன்னிரண்டு செஸ் ஆட்டம் ஆடி பதினொன்றில் தோற்றிருந்தேன். மீதி ஒன்று டிரா. அடுத்த மூன்று வாரத்தில் என் ரேபிட் ரேட்டிங் (வேக ஆட்டத்தில் என் திறனைக் காட்டும் புள்ளி) 1742-லிருந்து 1571-க்கு வந்துவிட்டது. செஸ் ஆடாதவர்களுக்கு இது ஒரு எண் மட்டும்தான். ஆடுகிறவர்களுக்குத் தெரியும், இரண்டு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்த படியிலிருந்து உருண்டு விழுந்த மாதிரி இருக்கும். ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது கூட மனசு அந்த ஆட்டங்களையே சுற்றிச் சுற்றி வரும், சாப்பாடு இறங்காது, எனக்கு செஸ் வராதோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

அப்படி இருந்த நாட்களில் லிசெஸ் (Lichess) என்ற ஆன்லைன் செஸ் தளத்தை நான் எப்படிப் பயன்படுத்தினேன், எது உதவியது, எது உதவவில்லை என்பதுதான் இந்த மதிப்புரை. பொதுவாக இந்தத் தளத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் "இலவசம், விளம்பரம் இல்லை" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். அது உண்மைதான். பிரான்ஸைச் சேர்ந்த திபோ டுப்லெஸ்ஸி என்ற நிரலாளர் 2010-ல் ஆரம்பித்தது, லாப நோக்கமில்லாத அமைப்பு, நிரல் முழுவதும் திறந்த மூலம், நன்கொடையில் ஓடுகிறது. நன்கொடை கொடுத்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிறகு வரும், அவ்வளவுதான். காசு கொடுத்தவருக்கு ஒரு வசதி, கொடுக்காதவருக்கு ஒரு வசதி என்ற பேச்சே கிடையாது. ஆனால் தோல்வித் தொடரில் மாட்டிக்கொண்டவருக்கு இந்த "இலவசம்" என்பது வேறு மாதிரி உதவுகிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது. டிராவை விட்டுவிடுங்கள். நமக்குச் சமமான ஆட்களோடு ஆடுகிறோம், ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்கப் பாதி வாய்ப்பு, தோற்கப் பாதி வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். காசு சுண்டுவது போலத்தான். நூறு ஆட்டம் ஆடினால், அதில் எங்காவது ஒரு இடத்தில் ஐந்து தோல்வி அடுத்தடுத்து வருவதற்கான வாய்ப்பு 81 சதவீதம். ஆறு அடுத்தடுத்து வருவதற்குச் சுமார் 55 சதவீதம். ஏழுக்கே கூட 31 சதவீதத்துக்கு மேல். ஆட்டத்தில் எந்தக் குறையும் இல்லாமலேயே இது நடக்கும்! ஆக, ஐந்து தோற்றதும் "எனக்கு ஏதோ ஆகிவிட்டது" என்று நினைப்பது தப்பு. நூறு ஆட்டம் ஆடுகிற யாருக்கும் அது பெரும்பாலும் நடந்தே தீரும்.

ஆனால் பதினொன்று? அதை அந்தக் கணக்கில் எழுத முடியாது. முதல் ஐந்து தானாக வந்தவை என்று வைத்துக்கொண்டாலும், அடுத்த ஆறை நானாகத்தான் கூட்டிக்கொண்டேன். டில்ட் என்று சொல்வார்களே, அதுதான். ஒன்று தோற்றதும் அதை உடனே மீட்க வேண்டும் என்ற வெறி வருகிறது, இரண்டாவதை அவசரமாக ஆடுகிறோம், மூன்றாவதில் எதிராளி யோசிக்கிற நேரம் கூட எரிச்சலாக இருக்கிறது, நான்காவதில் பலகையையே பார்ப்பதில்லை. எந்த ஆன்லைன் தளத்தில் ஆடினாலும் ஆட்டம் முடிந்த அடுத்த நொடி மறு ஆட்டத்துக்கான பட்டன் கைக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஒரு சொடுக்கு, ஐந்து விநாடி, அடுத்த ஆள் தயார்.

நேரில் நடக்கும் டோர்னமெண்டில் இது நடக்காது. கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூட ஹாலிலோ ஒரு சுற்று முடிந்தால் முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், அடுத்த பேரிங்கை, அதாவது யார் யாரோடு ஆட வேண்டும் என்ற பட்டியலை, சுவரில் ஒட்டும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் வெளியே போய் ஒரு டீ குடித்து யாரிடமாவது புலம்பிவிட்டு வரலாம். அந்த இருபது முப்பது நிமிஷம் எவ்வளவு பெரிய மருந்து என்று வீட்டில் உட்கார்ந்து ஆட ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. பெரிய போட்டிகளில் இன்னும் அதிகம். 2013-ல் சென்னையில் ஆனந்த் - கார்ல்சன் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தபோது, ஐந்தாவது ஆட்டத்தையும் ஆறாவது ஆட்டத்தையும் ஆனந்த் அடுத்தடுத்த நாட்களில் தோற்றார். பிறகு ஓய்வு நாள். வந்து ஏழும் எட்டும் டிரா செய்தார். பட்டம் போனது போனதுதான், ஒன்பதாவதிலும் தோற்று 6.5 - 3.5 என்று முடிந்தது. ஆனால் நான்கே மாதத்தில் 2014 மார்ச்சில் ரஷ்யாவின் காந்தி மான்சிஸ்க் போய், உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியை 14 சுற்றில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஜெயித்து வந்தார். சொந்த ஊரில் பட்டத்தை இழந்த மனிதர் நான்கு மாதத்தில் அப்படி ஆடியதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

சரி, தளத்துக்கு வருவோம்.

நான் முதலில் செய்தது ரேட்டிங்கைக் கண்ணில் படாமல் ஆக்கியது. அமைப்புகளில் "ஆட்டக்காரர்களின் ரேட்டிங்கைக் காட்டு" என்று ஒரு தேர்வு இருக்கிறது. ஆமாம், இல்லை, ஆட்டத்தின்போது மட்டும் வேண்டாம் என்று மூன்று வகை. "இல்லை" என்று வைத்தேன். அதன் பிறகு என் ரேட்டிங்கும் தெரியாது, எதிராளியின் ரேட்டிங்கும் தெரியாது. இது ஏதோ சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் எனக்கு மிகப் பெரிய மாற்றம் இதுதான். எதிராளி 1800 என்று தெரிந்தால் பயந்து காய்களை மாற்றிக்கொண்டே போவேன், 1500 என்று தெரிந்தால் இவனிடம் தோற்கக்கூடாது என்று இறுகிப்போவேன். எண் போனதும் எதிரே இருப்பது வெறும் காய்கள்தான். கூடவே ஜென் மோட் என்று ஒன்று இருக்கிறது, கணினியில் இசட் எழுத்தைத் தட்டினால் பெயர், அரட்டை, மெனு எல்லாம் மறைந்து பலகையும் கடிகாரமும் மட்டும் நிற்கும். ராத்திரி ஆடுகிறவர்கள் கண்டிப்பாகப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஆட்ட அலசல். ஆட்டம் முடிந்ததும் கணினி அலசல் கேட்டால் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சின் முழு ஆட்டத்தையும் பார்த்து எத்தனை பிளண்டர் (பெரிய தவறு), எத்தனை சாதாரணத் தவறு என்று சொல்லிவிடும். இது இப்போது எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் "உங்கள் தவறுகளிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்" என்ற பட்டன் இருக்கிறது பாருங்கள், அதுதான் இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. விடையைச் சொல்லாது. பிளண்டருக்கு முந்தைய நிலையைப் பலகையில் வைத்து, நீங்கள் ஆடிய நகர்வை அம்புக்குறியால் காட்டி, இதைவிட நல்லது எது, நீங்களே கண்டுபிடியுங்கள் என்று கேட்கும்.

அந்த வெள்ளிக்கிழமை ஆட்டங்களை மூன்று வாரம் கழித்துத்தான் திறந்தேன். முன்னால் திறக்கத் தைரியம் வரவில்லை. ஏழாவது ஆட்டம். நான் வெள்ளை, ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருக்கிறேன். என் ராஜா ஜி1-ல், முன்னால் எஃப்2, ஜி2, எச்2 மூன்று சிப்பாய்களும் அசையாமல் நிற்கின்றன. என் ரூக் (கோட்டை) பி1-ல். அதைத் தூக்கிக்கொண்டு போய் பி7-ல் இருந்த சிப்பாயைத் தின்றேன். எதிராளியின் ரூக் டி1-ல் வந்து இறங்கியது. பேக் ரேங்க் மேட், அதாவது ராஜா தன் சிப்பாய்களுக்குப் பின்னால் முதல் வரிசையிலேயே சிக்கித் தோற்பது. செஸ் கற்ற முதல் மாதத்தில் சொல்லிக்கொடுப்பது இது! தளம் அந்த நிலையை வைத்துக் கேட்டது. அரை விநாடி கூட ஆகவில்லை, ராஜாவுக்கு வழிவிட்டு எச்3 தள்ளினேன், சரி என்று பச்சை விழுந்தது. அதாவது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. அப்புறம் கீழே நகர்வு நேரங்களின் வரைபடத்தைத் திறந்தேன். அந்த நகர்வுக்கு நான் எடுத்தது இரண்டு விநாடி. கடிகாரத்தில் நான்கு நிமிஷம் பத்து விநாடி மிச்சம் இருந்தது. வரைபடத்தில் முதல் ஆட்டத்தின் கோடுகள் உயரமாகவும் ஏழாவது ஆட்டத்தில் எல்லாமே குட்டைக் குட்டையாகவும் இருந்தன. என் பதற்றத்தை யாரோ படம் வரைந்து கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். தோற்ற 31 ஆட்டங்களை வரிசையாக எடுத்து, எந்த நகர்வில் ஆட்டம் போனது, அப்போது கடிகாரத்தில் எவ்வளவு இருந்தது, அந்த நகர்வுக்கு எத்தனை விநாடி எடுத்தேன் என்று மூன்று பத்திகள். 31-ல் 19 ஆட்டம் போனது இரண்டு நிமிஷத்துக்கு மேல் மிச்சம் வைத்துக்கொண்டு மூன்று விநாடிக்குள் ஆடிய ஒரே நகர்வால். ஓப்பனிங்கால், அதாவது தொடக்க நகர்வுகளால், தோற்றது மூன்றே மூன்று. நானோ அந்த மூன்று வாரமும் ஓப்பனிங்தான் பிரச்சினை என்று சிசிலியன் என்ற ஓப்பனிங்கை விட்டுவிட்டு கேரோ கான் என்ற இன்னொன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். தோற்கும்போது ஓப்பனிங்கை மாற்றுவது நிறையப் பேர் செய்வதுதான், தயவுசெய்து செய்யாதீர்கள். புது ஓப்பனிங்கில் தெரியாத நிலைகள் வரும், இன்னும் நாலு தோற்போம், அப்புறம் அதையும் விட்டுவிடுவோம்.

இதற்கு நடுவில் ஒரு ஆன்லைன் பயிற்சி வகுப்புக்கும் பணம் கட்டினேன், பெயர் வேண்டாம். ஒரு மாதத்தில் இருநூறு புள்ளி ஏற்றித் தருவதாகச் சொன்னார்கள். நாலு வகுப்பிலும் பொறி வைக்கும் ஓப்பனிங்தான் நடந்தது. என் ஆட்டம் ஒன்றைக்கூட யாரும் திறந்து பார்க்கவில்லை. நல்ல கோச் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தோல்வியில் துவண்டிருக்கும்போது எதையாவது பிடித்துக்கொள்ளத் தோன்றும், அந்த நேரத்தில் பணம் கட்டாதீர்கள். முதலில் உங்கள் ஆட்டங்களைப் பார்க்கிறேன் என்று சொல்கிற கோச்சைத் தேடுங்கள். இலவசம் என்பது வேறு மாதிரி உதவியது என்று சொன்னேனே, அது இங்கேதான். தினசரி இவ்வளவுதான், மேலே வேண்டுமானால் பிரீமியம் வாங்கு என்று யாரும் தோளைத் தட்டாத இடத்தில், சும்மா உட்கார்ந்து பழைய ஆட்டங்களைப் புரட்டிக்கொண்டிருக்க முடிந்தது.

பஸில் (செஸ் புதிர்) பகுதியைப் பற்றி நிறையச் சொல்லலாம். லட்சக்கணக்கில் இருக்கின்றன, எல்லாமே அந்தத் தளத்தில் நிஜமாக ஆடிய ஆட்டங்களிலிருந்து எடுத்தவை, எத்தனை வேண்டுமானாலும் போடலாம். துவண்ட நாட்களுக்கு இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஒன்று, ரேட்டிங் இல்லாமல் போடும்படி மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பஸில் ரேட்டிங்கும் இறங்கி அது ஒரு தனி வேதனை. இரண்டு, கஷ்ட அளவை "எளிது" என்று வையுங்கள். அப்போது உங்கள் அளவுக்கு முந்நூறு புள்ளி கீழே உள்ளவை வரும். எளிதானதைப் போட்டால் என்ன பிரயோசனம் என்று நானும் நினைத்தேன். ஆனால் அந்தப் பத்தொன்பது ஆட்டமும் போனது எளிதான விஷயத்தில்தானே. தலைப்பு வாரியாகவும் எடுக்கலாம், பேக் ரேங்க் மேட் மட்டும் தினம் பதினைந்து என்று இரண்டு வாரம் போட்டேன். இப்போது ரூக்கை முதல் வரிசையிலிருந்து எடுக்கக் கை போனாலே ராஜாவைப் பார்க்கக் கண் தானாகப் போகிறது. பஸில் ஸ்டார்ம், பஸில் ரேஸர் இரண்டையும் அந்தச் சமயத்தில் தொடவில்லை. நல்ல விளையாட்டுகள்தான், ஆனால் வேகம் வேகம் என்று விரட்டுபவை, வேகம்தான் எனக்கு அப்போது நோய்.

கணினியோடு ஆடலாமே என்று ஸ்டாக்ஃபிஷ் நாலாம் நிலை, ஐந்தாம் நிலையெல்லாம் முயன்றேன். எனக்கு உதவவில்லை. ஜெயித்தால் சந்தோஷம் வரவில்லை, தோற்றால் மட்டும் அதே எரிச்சல் வந்தது.

உதவியது கரெஸ்பாண்டன்ஸ் ஆட்டம். ஒரு நகர்வுக்கு ஒரு நாள் முதல் பதினான்கு நாள் வரை வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டு நாள் வைத்தேன். காலையில் ஆபீஸ் போகும் முன் பலகையைப் பார்ப்பேன், பஸ்ஸில் யோசிப்பேன், மதியம் சாப்பிட்ட பிறகு ஒரு முடிவுக்கு வருவேன், ராத்திரி ஆடுவேன். ஆறு ஆட்டம் இப்படி ஆடினேன், நான்கில் ஜெயித்தேன். அதைவிட முக்கியம், செஸ் எனக்கு ஏன் பிடித்தது என்பது திரும்ப நினைவுக்கு வந்தது. ஒரு குதிரை எந்தக் கட்டத்துக்குப் போனால் நன்றாக இருக்கும் என்று ஒரு நாள் முழுக்க யோசிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, மூன்று நிமிஷ பிளிட்ஸில் அதை மறந்தே போயிருந்தேன்.

எங்கள் தெருவில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார், அந்தக் காலத்தில் மாவட்ட அளவில் ஆடியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் அவரிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நாலாவது ஆட்டம் தோத்ததும் எந்திரிச்சுத் தண்ணி குடிச்சீங்களா?" என்றார். இல்லை சார் என்றேன். "தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்காதவன் என்னத்த யோசிச்சிருப்பான்? ரெண்டு தோத்தா பலகைய மடக்கிடுங்க. மறுநாளும் பலகை அங்கதான இருக்கும்," என்றார். அன்றிலிருந்து இரண்டு என்பதுதான் எனக்குக் கணக்கு. ஒரே நாளில் இரண்டு தோற்றால் அன்றைக்கு மூன்றாவது கிடையாது, பஸில் போடலாம், பழைய ஆட்டத்தைப் பார்க்கலாம், புது ஆட்டம் மட்டும் இல்லை. பட்டன் பக்கத்திலேயே இருக்கும்போது இது சுலபம் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். அதனால் மொபைலில் ஆட்டம் ஆடுவதையே நிறுத்திவிட்டேன், கணினியில் மட்டும்தான், அதுவும் ராத்திரி பத்தரைக்கு அலாரம் வைத்து.

இன்சைட்ஸ் என்ற பகுதியும் இருக்கிறது. உங்கள் ஆட்டங்களையெல்லாம் சேர்த்து ஓப்பனிங், மிடில் கேம், எண்ட்கேம் என்று பிரித்து எங்கே துல்லியம் குறைகிறது, எந்தக் காயை நகர்த்தும்போது அதிகம் தவறுகிறீர்கள் என்றெல்லாம் காட்டும். புள்ளிவிவரம் பிடித்தவர்களுக்கு விருந்து. ஆனால் தோற்றுக்கொண்டிருக்கும்போது அதில் மூழ்குவது எனக்குச் சரிப்படவில்லை, எந்த வரைபடத்தைத் திறந்தாலும் நம் குறைதான் தெரியும். மனசு தேறிய பிறகு பாருங்கள். எண்ட்கேம் பயிற்சிப் பாடங்கள், முக்கியமாக ரூக் எண்ட்கேம் பாடங்கள், எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், அருமையானவை.

யாருக்கு இந்தத் தளம் சரிப்படும்? தானாக உட்கார்ந்து தன் தவறைப் பார்க்கத் தயாராக இருக்கிறவர்களுக்கு. கையைப் பிடித்து வீடியோ பாடம், படிப்படியான வழிகாட்டல், குரல் கொடுத்து உற்சாகப்படுத்துகிற கோச் பொம்மை இதெல்லாம் வேண்டும் என்றால் வேறு தளங்கள் இருக்கின்றன. குழந்தைகள் துவண்டிருந்தால் பெற்றோரும் கூட உட்காருவது நல்லது. ஏழு வயதுக் குழந்தையிடம் நகர்வு நேர வரைபடத்தைக் காட்டிப் பிரயோசனம் இல்லை, ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனசு விட்டுப்போனவர்களுக்காக. 2024 நவம்பரில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கியபோது டிங் லிரன் அந்த ஆண்டு ஜனவரிக்குப் பிறகு ஒரு கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டம் கூட ஜெயிக்காமல் வந்திருந்தார். உலகச் சாம்பியன்! பலரும் அவரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. முதல் ஆட்டத்திலேயே கருப்புக் காய்களோடு பிரெஞ்சு டிஃபென்ஸ் ஆடி குகேஷை ஜெயித்தார். கடைசி ஆட்டத்தில், 14-வதில், தோற்றுப் பட்டத்தை இழந்தார், அது வேறு கதை. அந்தக் குகேஷும் அதே ஆண்டு டொராண்டோ கேண்டிடேட்ஸில் ஏழாவது சுற்றில் அலிரேசா ஃபிரூஜாவிடம் நேர நெருக்கடியில் தோற்றவர்தான். மறுநாள் ஓய்வு நாள். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் தனக்கு உத்வேகம் வந்தது என்று அவரே பின்னால் சொன்னார், போட்டியையும் ஜெயித்தார். உலகச் சாம்பியன் ஆன பிறகும் 2025 கிராண்ட் ஸ்விஸ் போட்டியில் உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டில் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றார். எனக்கு அன்று அவர் மேல் அவ்வளவு பாசம் வந்தது, அடுத்த சுற்றுக்கு அவர் வந்து பலகை முன் உட்கார்ந்ததைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை. அந்த அரை ஏன் குறைந்தது என்றால், இவ்வளவு நல்ல கருவிகள் மெனுக்களுக்குள் ஒளிந்து கிடக்கின்றன, ரேட்டிங்கை மறைக்கலாம் என்பதே எனக்கு இரண்டு வருஷம் தெரியாது. யாராவது சொன்னால்தான் தெரியும், அதனால்தான் இவ்வளவு நீளமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம்தான் ரேட்டிங்கைத் திரும்பத் திறந்து பார்த்தேன். 1698. பழைய 1742 இன்னும் வரவில்லை. பார்த்துவிட்டு மறுபடி மறைத்துவிட்டேன். இப்போது ஒரே ஒரு கரெஸ்பாண்டன்ஸ் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிராளி குதிரையை ஈ5-ல் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார், நல்ல குதிரை அது, அதை எதைக் கொடுத்து வெட்டுவது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். எனக்கு இன்னும் ஒரு நாள் பதினான்கு மணி நேரம் இருக்கிறது.